சிறிய தீவின் சுகாதாரக் கணக்கு

சிறிய அந்தமான் தீவின் துறைமுகம் ஹட் பே. நாட்டின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் பிறப்பு, தடுப்பூசி, காய்ச்சல் பற்றிய விவரங்களை வீடு வீடாகச் சென்று திரட்டுவோர் துணைச் செவிலியரும் ஆஷா பணியாளருமாகிய பெண்களே. 2016-இல் அறிமுகமான ‘அன்மோல்’ செயலி, செவிலியரின் பதிவேட்டைக் கைக்கணினிக்கு மாற்றத் தொடங்கியது. கருவி மாறிய அளவிற்குப் பணி மாறவில்லை. விவரங்கள் மேலிடத்திற்குச் செல்கின்றன. அவற்றின் பொருளைத் திரட்டியவரே ஆராயும் வாய்ப்பு அரிது. கிரிமியப் போரில் காயத்தைவிட நோயாலேயே மிகுதியான வீரர்கள் மாண்டனர் என்பதை 1858-இல் வரைபடமாக்கிக் காட்டிய நைட்டிங்கேல் அம்மையாரும் செவிலியரே என்பது இங்கு நினைக்கத்தக்கது.

தரவு அறிவியல் என்றதும் பெரிய கணினிகள் நினைவுக்கு வரலாம். இத்தகைய தீவில் பணிபுரியும் இளம் பெண்களுக்கு முதற்கண் தேவைப்படுவது விகிதங்களை ஐயுறும் பழக்கமாகும். ஆண்டுக்கு 200 குழந்தைகள் பிறக்கும் பகுதி ஒன்றைக் கொள்வோம். ஓராண்டில் ஒரு குழந்தை இறந்தால் சிசு மரண விகிதம் ஆயிரத்திற்கு 5. மறு ஆண்டில் மூன்று குழந்தைகள் இறந்தால் 15. நிலைமை மும்மடங்கு சீர்கெட்டது என்று எழுதுவதும், தற்செயல் என்று ஒதுக்குவதும் ஒருங்கே தவறாகலாம். இதனாலேயே மாதிரிப் பதிவுத் திட்டம், சிறிய மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் மூன்றாண்டு விவரங்களைச் சேர்த்து இவ்விகிதத்தைக் கணித்து வந்துள்ளது. ஆனால் அம்மூன்று வீடுகளுக்கும் சென்ற செவிலியர், குறைப்பிரசவமா, தலைநகர் மருத்துவமனைக்குச் செல்லக் கப்பல் கிடைக்காத தாமதமா என்பதை அறிவார். கணக்கையும் இந்த நேரடி அறிவையும் இணைக்கக் கற்பிப்பதே பயிற்சியின் சாரம்.

வகுக்கும் எண்ணும் கவனத்திற்குரியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின் கரையோரக் குடும்பங்கள் பல இடம்பெயர்ந்தன. ஊரின் பழைய மக்கள்தொகையைக் கொண்டு வகுத்தால் தடுப்பூசி விகிதம் பிழையாகும். பயிற்சி பெற்றவர் முதலில் குடும்பப் பட்டியலைச் சரிபார்ப்பார்.

ஓங்கே பழங்குடியினர் 1901-இல் 672 பேர் என மதிப்பிடப்பட்டனர்; 2011 கணக்கெடுப்பில் 101 பேரே. இவ்வளவு சிறிய சமூகத்தில் பெயரை நீக்கினாலும் வயதும் நோயும் ஆளைக் காட்டிவிடும். எனவே எதனைப் பதிவது என்பதோடு, எதனை அட்டவணையில் வெளியிடலாகாது என்பதும் பாடத்தில் இடம்பெற வேண்டும். இந்த எல்லையைப் பணியில் முதலில் எதிர்கொள்பவர் வீட்டு வாசலில் நிற்கும் அப்பெண்ணே.