மீன் வளர்க்கும் கீரை

மருதானையிலே மண் அரிய பொருள். புகையிரத நிலையத்தைச் சூழ்ந்த நெருக்கமான தெருக்களில், மொட்டைமாடியே பல இல்லங்களுக்கு முற்றமும் தோட்டமுமாகும். 2021ஆம் ஆண்டின் உரத்தடையையும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியையும் கண்ட நகரத்தார், ஒரு பிடி கீரையையாவது வீட்டிலே விளைவிக்க விரும்புதல் இயல்பே. மண்ணின்றி அதற்கு வழிசெய்வது, அக்குவாபோனிக்ஸ் எனப்படும் மீன்தொட்டிப் பயிர்முறை.

இதன் இயக்கம் எளிது. 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா போன்ற மீன்கள் நீரிலே அமோனியாவைக் கழிக்கின்றன. ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாகவும், மற்றொருவகை நைத்திரேற்றாகவும் மாற்றும். கங்குன், வல்லாரை முதலிய கீரைகள் அந்த நைத்திரேற்றை உண்டு வளரும். தூய்மையுற்ற நீர் மீண்டும் மீனிடம் செல்லும்.

ஆயின், "மீன் இருக்கப் பயிருக்குக் குறை ஏது?" என்று எண்ணுதல் தவறு. வேர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் இம்முறையை நெடுங்காலம் ஆராய்ந்தவர் ஜேம்ஸ் ராக்கொசி. பயிர் வேண்டும் 13 கனிச்சத்துக்களில் பத்தே மீன்கழிவால் போதியளவு கிடைப்பன என அவர் கண்டார். கல்சியம், பொற்றாசியம், இரும்பு ஆகிய மூன்றையும் நாமே ஊட்டவேண்டும். மீனுணவு மீனின் தேவைக்கென ஆக்கப்பட்டதேயன்றிப் பயிரின் தேவைக்கன்று.

இக்குறைகளை இலையே அறிவிக்கும். இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. முதிர்ந்த இலையின் ஓரம் கருகினால் பொற்றாசியக் குறை. தளிரின் நுனி கருகிச் சுருண்டால் கல்சியக் குறை. முதிர்ந்த இலை முழுவதும் வெளிறினாலே நைதரசன் போதாதெனக் கொள்ளலாம். இவ்வேறுபாட்டை அறியாதோர், மஞ்சள் கண்டவுடன் மீனுக்கு உணவை அள்ளி இடுவர். இலை பசுமையாவதில்லை; உண்ணாத உணவு அழுகி, நீரைக் கெடுத்து, மீனையும் மாய்க்கும்.

இரும்புக் குறைக்கு, நீரிற் கரைந்து நிற்கும் கொடுக்கிணைப்பு இரும்பை இலீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடலாம். பற்றீரியாவின் தொழிலால் நீர் மெல்ல அமிலமாகும். அப்பொழுது நீறிய சுண்ணாம்பையும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டையும் மாறிமாறிச் சிறிதளவு சேர்த்தால், அமிலமும் தணியும். கல்சியமும் பொற்றாசியமும் கிட்டும். பீ.எச். பெறுமானம் 7ஐ அண்டி நிற்பதே நன்று. அளவு மீறினால் அமோனியாவின் நச்சு மிகும். பொற்றாசியம் ஐதரொட்சைட்டு தோலை அரிப்பதாகையால் அதனைப் பெரியோரே கையாள வேண்டும்.

வேறு மூன்று எச்சரிக்கைகளும் உள. குழாய் நீரிலுள்ள குளோரீன் பற்றீரியாவைக் கொல்லும். ஆதலின் அந்நீரைத் திறந்த பாத்திரத்தில் ஓரிரு நாள் வைத்தே ஊற்றுக. பூச்சிகொல்லி தெளித்தால் அது சொட்டி மீனைக் கொல்லும்; பூச்சியைக் கையால் நீக்குதலும் நீரால் கழுவுதலுமே தக்கன. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறந்திலோம். நீரேற்றி நின்றால் மீனும் பற்றீரியாவும் ஒட்சிசனின்றித் தவிக்கும். மின்கலத்தால் இயங்கும் காற்றுக்கருவி ஒன்றை வைத்திருப்பதும், மீனின் தொகையை அளவோடு நிறுத்துவதும் விவேகமாகும்.

புதிய தொட்டியிற் பற்றீரியா நிலைபெறச் சில வாரங்கள் செல்லும். அதுவரை பொறுமை வேண்டும். மாணவர்கள் ஒரு குறிப்பேட்டில், தளிரின் நிறம், நீரின் அமிலநிலை, இட்ட உணவு ஆகியவற்றை நாள்தோறும் எழுதிவரின், இரசாயனமும் உயிரியலும் தம் மொட்டைமாடியிலேயே கைகோத்து நிற்பதைக் காண்பர். வீட்டாருக்கோ வாரந்தோறும் ஒரு சுண்டற் கீரை கிட்டும்.