மண்ணுக்குள் மறைந்திருக்கும் அருட்கொடை

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு செல்லும் வழியில் திருப்பாலைவனம் என்றோர் ஊர் உண்டு. பெயரைக் கேட்டவுடன் அரபு நாட்டு மணல்வெளி உங்கள் கண்முன் தோன்றலாம். ஆனால், பாலை மரங்கள் செறிந்த வனம் என்பதே அப்பெயரின் பொருள் என்பர். அவ்வூரைக் கடந்து சென்றால் எதிர்ப்படுவது பரந்த உவர்நீர்ப் பரப்பு. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழியாகிய பழவேற்காடு ஏரி அது.

அவ்வேரியின் ஆழம் குறைந்த ஓரங்களில் ஓர் அரிய காட்சியை நீங்கள் காணலாம். இருளர் குலப் பெண்கள் நீரில் அமர்ந்தவாறே மெல்ல நகர்ந்து, இரு கைகளாலும் அடிச்சேற்றைத் துழாவுவார்கள். விரலில் இறால் தட்டுப்பட்டதும் அதைப் பற்றி, பல்லால் கவ்வியிருக்கும் 'பறி' என்னும் ஓலைக் கூடைக்குள் இடுவார்கள். படகும் இல்லை, வலையும் இல்லை. விரல் நுனியின் உணர்வே அவர்களது மூலதனம்.

கண்ணுக்குப் புலப்படாத உணவை இவ்விதம் தேடி எடுக்கும் கலை உலகின் வேறு பகுதிகளிலும் உண்டு. அங்கே சேற்றுக்குப் பதில் நிலம். இறாலுக்குப் பதில் காளான். சில நாடுகளில் விரலுக்குப் பதில் விலங்கின் மூக்கு!

நபிமொழியில் இடம்பெற்ற காளான்

வளைகுடா நாடுகளில் பணிபுரிந்து திரும்பிய நம் சகோதரர்கள் 'ஃபக்அ' என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். உருளைக்கிழங்கைப் போன்ற தோற்றமுடைய இந்த நிலத்தடிக் காளானுக்கு 'கம்அ' என்றும் பெயர். இது 'மன்னு' வகையைச் சார்ந்தது என்றும், இதன் நீர் கண்ணுக்கு நிவாரணம் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக ஸயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. உழாமல், விதைக்காமல் கிடைக்கும் உணவு என்பதே மன்னுடன் இதற்குள்ள ஒப்புமை என மார்க்க அறிஞர்கள் விளக்குவர். (இதைப் படித்துவிட்டு எவரும் மருத்துவரைக் கேளாமல் கண்ணில் எதையும் இட்டுக்கொள்ள வேண்டாம்!)

இலையுதிர்காலத்தில் இடியுடன் மழை பெய்தால் அவ்வாண்டு இக்காளான் மிகுதியாக விளையும் என்பது பாலைவன மக்களின் நம்பிக்கை. ஆதலால் 'இடியின் மகள்' என்றும் இதை அழைப்பதுண்டு. ஒரு வகைக் குறுஞ்செடியின் வேரோடு உறவு கொண்டு இது மண்ணுக்குள் வளர்கிறது. முற்றியதும் மேல்மண் சற்றே உப்பி வெடிப்புவிடும். காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயிலில் அந்த மேட்டின் நிழல் நீண்டு விழும். பதவீன்கள் அந்நிழலைக் கொண்டே இடத்தைக் கண்டுகொள்கிறார்கள். அவர்களுக்கு விலங்கின் துணை தேவைப்படவில்லை.

மூக்கே வழிகாட்டி

ஐரோப்பாவின் நிலை வேறு. பிரான்சிலும் இத்தாலியிலும் ஓக், ஹேசல் போன்ற மரங்களின் வேர்களை ஒட்டி விளையும் 'டிரஃபிள்' காளான் மண்ணின் மேல் எந்த அடையாளத்தையும் எளிதில் காட்டுவதில்லை. ஆனால், அதன் மணம் விலங்குகளை ஈர்க்கும். விலங்குகள் தோண்டித் தின்று அதன் வித்துகளைக் காடெங்கும் பரப்புகின்றன. படைத்தவனின் ஏற்பாடு எத்துணை நுட்பமானது, பார்த்தீர்களா?

முன்னாளில் இத்தேடலுக்குப் பன்றியைப் பயன்படுத்தினர். அதுவோ கண்டெடுத்த காளானைத் தானே விழுங்கிவிடும். மரவேர்களையும் கிளறிப் பாழாக்கும். எனவே இத்தாலி 1985இல் அதைத் தடை செய்தது. இன்று பழக்கப்பட்ட நாய்களே இப்பணியைச் செய்கின்றன. அவற்றுள் புகழ்பெற்றது 'லகோட்டோ' இனம். இந்நாய்கள் முதலில் இத்தாலியின் உப்பங்கழிகளில், வேட்டையாடப்பட்ட நீர்ப்பறவைகளை நீந்திச் சென்று எடுத்து வந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சதுப்பு நிலங்கள் வற்றவைக்கப்பட்டபின், அவை காளான் தேடுவதற்குப் பழக்கப்படுத்தப்பட்டன. ஏரி அழிந்தது, நாயும் தன் தொழிலை மாற்றிக்கொண்டது! (நாய் தோண்டிய பொருளைத் தூய்மை செய்யும் முறையை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டறிந்துகொள்க.)

குறைந்து வரும் விளைச்சல்

இத்தாலியரின் இக்கலையை 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. ஆனால், கலை போற்றப்படும் காலத்தில் காளான் அருகி வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 டன் கிடைத்தது. இன்று சில பத்து டன்களே கிடைக்கின்றன. முதல் உலகப் போரில் நாட்டுப்புற இளைஞர்கள் மாண்டனர். எஞ்சியோர் நகரங்களுக்குச் சென்றனர். இடம் அறிந்தோர் மறைந்தனர். பராமரிப்பற்ற காடுகள் அடர்ந்து இருண்டன. அத்துடன் கோடை வறட்சியும் சேர்ந்துகொண்டது. இந்நூற்றாண்டின் இறுதிக்குள் ஐரோப்பாவின் கருங்காளான் விளைச்சல் 78 முதல் 100 விழுக்காடு வரை குறையக்கூடும் என 2018இல் வெளிவந்த ஆய்வொன்று எச்சரித்தது.

அரபு மண்ணிலோ போர் குறுக்கிட்டது. குவைத், இராக், சிரியா நாடுகளின் பாலைவெளிகளில் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகள் காளான் தேடிச் சென்றோரைப் பலி கொண்டன. 2023 பிப்ரவரியில் சிரியாவின் ஸுக்னா அருகே காளான் சேகரிக்கச் சென்ற ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஆயுதக் கும்பலால் கொல்லப்பட்டனர். வயிற்றுப்பாட்டுக்காகச் சென்ற ஏழைகள் அவர்கள்.

நம் ஏரியின் நிலை

இனி, பழவேற்காட்டுக்குத் திரும்புவோம். கடலையும் ஏரியையும் இணைக்கும் முகத்துவாரத்தை மணல்திட்டு அவ்வப்போது அடைத்துவிடுகிறது. கடல்நீர் வந்து போனால்தான் இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வந்து வளரும். ஆறுகள் கொணரும் வண்டலால் ஏரியின் ஆழமும் குறைந்துவிட்டது. தெற்கே எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் பெருகியுள்ளன.

1990களில் கரையோரம் இறால் பண்ணைகள் முளைத்தன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, பழவேற்காடு, சில்கா ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் அத்தகைய பண்ணைகள் கூடாது எனக் கூறியது. சட்டம் வந்தது. ஆயினும் சேற்றைத் துழாவும் கை பல நாட்களில் வெறுமையாகவே மேலெழுகிறது.

இவ்வேரி மீனவரிடையே 'பாடு' என்றொரு முறை உண்டு. நல்ல மீன்பிடி இடங்களில் இன்று ஒருவர், நாளை மற்றொருவர் என முறைவைத்து வலையிடுவர். வலியவன் மட்டுமே வாரிக்கொள்ளாதிருக்க முன்னோர் கண்ட நீதி இது. ஆனால் 'பாடு' மனிதருக்குள் பங்கிட மட்டுமே வல்லது. ஏரிக்கே நஞ்சு கலந்தால் எதைப் பங்கிடுவது?

அன்பு வாசகர்களே! சகோதரிகளே! உழாமல் கிடைக்கும் உணவு உரிமையாளரற்ற உணவு அன்று, அது அமானிதம். சந்தையில் பொடி இறாலையும் சினை நண்டையும் மலிவாகக் கண்டால் வாங்காதிருங்கள். இருளர் பெண் கையால் பிடித்த இறாலை விற்க வந்தால், பேரம் பேசி அவள் கூலியைக் குறைக்காதீர்கள். ஏரிக்கரைக்கு உல்லாசமாகச் செல்லும்போது பிளாஸ்டிக் குப்பையை அங்கு விட்டு வராதீர்கள்.

மண்ணுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் நமக்கென உணவை மறைத்து வைத்த இறைவன், அதைக் கண்டெடுக்கும் அறிவையும் தந்தான். அதைக் காக்கும் பொறுப்பையும் நம்மிடமே ஒப்படைத்திருக்கிறான். நம் பிள்ளைகளின் காலத்திலும் அந்தப் பறி நிறைய வேண்டாமா?