கிளட்ச் பெடல் மேலே வரலையா? பிளேட்டை மாற்றும் முன் பிரேக் ஆயிலைப் பாருங்க

பெங்களூரு சில்க் போர்டு சிக்னல், மாலை 7 மணி. முதல் கியர் போடக் கிளட்சை மிதித்தேன். பெடல் சொதசொதவென்று தரைக்குப் போனது, திரும்பி வரவே இல்லை. போனில் மெக்கானிக் கேட்டது ஒரே கேள்வி: "வண்டி எவ்வளவு ஓடியிருக்கு?" 60 ஆயிரம் கி.மீ. என்றேன். "அப்ப கிளட்ச் செட்டையே மாத்திடலாம் சார்."

செட்டை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். செலவு ஆயிரங்களில் போகும். ஆனால் பெடல் தரைக்குப் போவது பெரும்பாலும் பிளேட்டின் தப்பு இல்லை.

உள்ளே என்ன நடக்குது?

ஆல்டோ போன்ற சின்ன கார்களில் கிளட்சை இழுப்பது ஒரு கேபிள். ஹைட்ராலிக் கிளட்சில் அந்த வேலையைத் திரவம் செய்கிறது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் திரவத்தைக் குழாய்க்குள் தள்ளும். மறுமுனையில், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தால் கிளட்சை விடுவிக்கும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். குழாய்க்குள் காற்று புகுந்தால் உங்கள் மிதி அதைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடும்.

பிளேட்டா, ஹைட்ராலிக்கா?

ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஆர்.பி.எம். ஏறுது, வேகம் ஏறலையா? அது பிளேட் தேய்மானத்தின் அடையாளம். எஞ்சின் ஆஃபில் கியர் சுலபமாக விழுந்து, ஆன் செய்ததும் விழ மறுக்குதா, ரிவர்ஸ் 'கர்ர்' என்று கத்துதா? கிளட்ச் முழுசா விடுபடவில்லை. முதல் சந்தேகம் ஹைட்ராலிக் மேல்தான்.

இப்போது பானெட்டைத் திறங்க. பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பாதான். அதில் கிளட்ச் குழாய் கொஞ்சம் உயரத்தில் இருக்கும், திரவம் குறைந்தால் பிரேக்குக்கு முன்னால் கிளட்ச் காலியாகட்டும் என்பதற்காக. அதனால் அளவு குறைந்திருந்தால் பிரேக்கையும் சந்தேகப்படுங்க. பிரேக் பெடலும் மெத்தென்று இருந்தால் வண்டியை எடுக்காதீங்க, டோ வண்டியைக் கூப்பிடுங்க.

அளவு சரியாக இருக்கா? பெடலை வேகமாகப் பத்து முறை மிதிங்க. அப்புறம் கியர் விழுந்தால், காற்று இருக்க வாய்ப்பு அதிகம். மிதித்துப் பிடிக்கும்போது பெடல் மெல்ல இறங்குது, வெளியே எங்கேயும் ஒழுகல் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் போயிருக்கலாம். ஒழுகலைத் தேட இரண்டு இடம்: டேஷ்போர்டுக்குக் கீழே பெடல் கம்பி உள்ளே போகும் இடம், ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறை. உறையை லேசா விலக்கிப் பாருங்க, உள்ளே ஈரமா இருந்தால் ஆள் சிக்கிட்டான். (ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீங்க.)

எதை ஊற்றுவது?

எல்லாரும் 'ஆயில்' என்றாலும் இது எண்ணெய் இல்லை. எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். மூடியில் என்ன போட்டிருக்கோ, அதுதான். பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4. இவை ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4-இன் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 டிகிரி. போன மழைக்காலத்தில் திறந்த அரை பாட்டில் அலமாரியில் இருக்கா? அதை மறந்துடுங்க. பெயின்ட்டிலும் சிந்த விடாதீங்க, அரித்துவிடும்.

காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஸ்லேவ் சிலிண்டர் நிப்பிளில் ஒரு தெளிவான டியூப், மறுமுனை கொஞ்சம் புதுத் திரவம் ஊற்றிய பாட்டிலுக்குள். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கணும். குமிழி நிற்கும் வரை இதேதான். டப்பா மட்டும் காலியாகவே கூடாது, காற்று பிரேக்குக்கும் போயிடும்.

நாலு நாளில் பெடல் மறுபடி இறங்கினால் ஒழுகல் இன்னும் இருக்கு என்று அர்த்தம். சில கார்களில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கும். அப்போது எப்படியும் இறக்கியாகணும், அந்தச் சாக்கில் பிளேட்டையும் மாற்றுவது நியாயமான யோசனைதான்.

என் காரில் அது வெளியே இருந்தது. ஸ்லேவ் சிலிண்டரை மட்டும் மாற்றினோம். பிளேட் அதே பழைய பிளேட்.