பன்னிரண்டு அணாவின் வரலாறு

1984இல் ‘வ.உ.சி. கடிதங்கள்’ நூலாக வந்தபோது அதன் பதிப்பாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதிக்கு வயது பதினேழு. ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ நூலுக்காக 2024ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோதும் அவர் கையில் இருந்தவர் அதே வ.உ.சி.தான். இந்த நாற்பது ஆண்டுகளில் தமிழில் வரலாறு எழுதும் முறையே மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தில் அவர் பங்கு பெரியது.

அன்று வ.உ.சி. என்றால் பலருக்கும் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம், கோவைச் சிறைச் செக்கு, 1961இல் வந்த படத்தில் சிவாஜி கணேசனின் கம்பீரம், அவ்வளவுதான். சிறைக்குப் பின் அவர் பட்ட பாட்டை ஊர் பேசியதில்லை. தென்னாப்பிரிக்க இந்தியர்கள் அவருக்கென்று திரட்டிய பணம் காந்தி வழியாக வந்துசேர வேண்டியிருந்தது. 1915இல் காந்தி சென்னை வந்தபோது தொடங்கிய கடிதப் போக்குவரத்தைத் தேடித் தொகுத்து ஒரு நூலே எழுதினார் சலபதி. அதன் தலைப்பிலேயே தொகையும் உண்டு: 347 ரூபாய் 12 அணா. தேசத்துக்காகக் கப்பல் விட்டவர் ஒரு சிறு தொகைக்காகக் கடிதம் எழுதிக் காத்திருந்தார் என்பதை அந்த அணாக் கணக்கு சொல்வதுபோல் எந்த மேடைப் பேச்சும் சொல்லாது.

புதுமைப்பித்தனிடமும் இதே கவனம்தான். முன்பு கதைத் தொகுப்பு என்றால், கிடைத்ததை அப்படியே மறு அச்சு போடுவது வழக்கம். 2000இல் சலபதி பதிப்பித்த ‘புதுமைப்பித்தன் கதைகள்’ காலவரிசையில் அமைந்தது. எந்தக் கதை எந்த இதழில், எப்போது, எந்தப் புனைபெயரில் வந்தது, நூலானபோது எந்தச் சொல் மாறியது என்று பின்னிணைப்பு பேசியது. பழைய ஏடுகளுக்குச் செய்த பாடபேத ஆராய்ச்சி நவீனக் கதைக்கும் உரியது என்று பலர் கண்டுகொண்டது அப்போதுதான். நெருதாவைத் தமிழுக்கும் சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ நாவலை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோன மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்லை நிறுத்துப் பார்ப்பது கைவந்த பழக்கம்.

அன்று ஒரு பழைய இதழைப் பார்க்க ஊர் ஊராக அலைய வேண்டும். கண்டுபிடித்தாலும் மடிப்பில் தாள் பொடியும். கையால் எடுத்தெழுத வேண்டும். இன்று ரோஜா முத்தையா நூலகத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஆயிரக்கணக்கான பக்கங்கள் மின்வடிவில் இருக்கின்றன. இது பெரும்பேறு. ஆனால் ஆண்டும் இதழும் இல்லாமல், பாரதி சொன்னதென்று பாரதி எழுதாத வரிகளும் கைபேசிதோறும் சுற்றுகின்றன. தேடும் உழைப்பு குறைந்த இந்தக் காலத்தில் ‘இது எந்தப் பதிப்பு, முதலில் எங்கே வந்தது?’ என்று கேட்கும் பழக்கம் முன்னைவிட அவசியமாகிறது.

அந்தக் கேள்வியைப் பதினேழு வயதிலும் கேட்கலாம். கேட்டால் 12 அணாவும் தொலையாது.