கணினி முன்னால் ஏன் கோபம் வருகிறது?

மின்கட்டணம் கட்டுகிறீர்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பணம் போனதா, இல்லையா? முதலில் பதற்றம், பிறகு எரிச்சல், கடைசியில் ‘எனக்குத்தான் இதெல்லாம் வரமாட்டேன் என்கிறது’ என்ற கூச்சம். இவை எல்லோருக்கும் வருபவைதான்.

சில நொடித் தாமதத்துக்கா இவ்வளவு எரிச்சல்?

ஆமாம். பொத்தானை அழுத்திய 0.1 நொடிக்குள் பதில் வந்தால், உடனே நடந்ததாகத் தோன்றும். 1 நொடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. சுமார் 10 நொடியைத் தாண்டினால் கவனம் சிதறிவிடும். கணினிப் பயன்பாட்டை ஆராய்ந்தவர்கள் வகுத்த எல்லைகள் இவை.

வேகம் இருந்தால் போதுமா?

போதாது. என்ன நடக்கிறது என்றும் தெரிய வேண்டும். மருத்துவர் அறை வாசலில் உங்கள் டோக்கன் எண் எப்போது வரும் என்று தெரிந்தால் பொறுமையாக உட்கார்ந்திருப்பீர்கள் அல்லவா? 1985-இல் பிராட் மையர்ஸ் என்ற ஆய்வாளர் முன்னேற்றப் பட்டையை (வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு) ஆராய்ந்தார். அது திரையில் இருப்பதையே மக்கள் விரும்பினார்கள்.

உயிரில்லாத பொருளைத் திட்டுவது அசட்டுத்தனமா?

இல்லை, அது மனித இயல்பு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பைரன் ரீவ்ஸும் கிளிஃபோர்டு நாஸும் 1996-இல் வெளியிட்ட நூலில், நம்மை அறியாமலே கணினியை ஒரு மனிதரைப் போல நடத்துகிறோம் என்று காட்டினார்கள். ‘நான் எப்படி வேலை செய்தேன்?’ என்று ஒரு கணினியே கேட்டபோது, மக்கள் அதன் மனம் நோகாதபடி பதில் சொன்னார்களாம்! பதில் பேசாத மனிதர்மேல் வரும் கோபம் கணினிமேலும் வருவதில் வியப்பில்லை.

அப்படியானால் தவறு யாருடையது?

பெரும்பாலும் வடிவமைப்புடையது. மக்கள் தங்களையே நொந்துகொள்வதைக் கவனித்த டொனால்ட் நார்மன் என்ற ஆய்வாளர், 1988-இல் எழுதிய நூலில் இதைத்தான் வலியுறுத்தினார். ஆகவே கூச்சப்பட்டு ஒதுங்காதீர்கள், தெரிந்தவரிடம் கேளுங்கள்.

நான் என்ன செய்யலாம்?

பணம் கட்டும்போது திரை நின்றுவிட்டால், பொத்தானை மறுபடி அழுத்தாதீர்கள். இருமுறை பணம் போக வாய்ப்புண்டு. முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள். பணம் கழிந்திருந்தால் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு வங்கியிடம் கேளுங்கள்.

நீண்ட விண்ணப்பமா? பதில்களை முதலில் வேறு கோப்பில் எழுதிச் சேமித்துவிட்டு, பிறகு நிரப்புங்கள். பாதியில் அழிந்தாலும் உழைப்பு வீணாகாது.

பிழைச் செய்தி வந்தால், மூடுவதற்கு முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உதவுபவருக்கு அது மிகவும் பயன்படும்.

‘உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று திரை மிரட்டினால் அழைக்கவே வேண்டாம். உங்கள் பயத்தைப் பயன்படுத்தி ஏமாற்றும் வேலை அது. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. இந்தியாவில் பணத்தை இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

பதற்றம் வருவதைத் தடுக்க முடியாது. ஆனால் பதற்றத்தோடு எதையும் அழுத்தாமல் இருக்க முடியும். பல இழப்புகளைத் தவிர்க்க அதுவே உதவும்.