முழங்கால் வலியும் சிறுநீரகமும்

பண்டார் தெங்காரா, கெஜோரா எனப்படும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் 1970களில் உருவாக்கிய ஊர். சுற்றிலும் செம்பனை. நீண்ட கம்பில் கட்டிய அரிவாளை அண்ணாந்து பார்த்தபடியே இழுத்து, 20 கிலோ குலைகளைத் தூக்கிப் போட்டவர்களுக்கு எழுபது வயதில் முழங்காலும் இடுப்பும் வலிக்காமல் இருக்குமா? 'வயசானா அப்படித்தான்' என்று வீட்டார் விட்டுவிடுவது கொடுமை. வலியால் நடை குறையும். நடை குறைந்தால் தசை தளர்ந்து மூட்டு இன்னும் மோசமாகும். மருந்து வேண்டும். எதை, எதனோடு என்பதில்தான் கவனம்.

முழங்கால் மட்டும் என்றால் டைக்ளோஃபெனாக் ஜெல் நல்ல தொடக்கம். தேய்ப்பதில் இரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. பனடோல் போன்ற 500 மில்லிகிராம் பாராசிட்டமோல் ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக்கூடாது. மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதுவே அதிகம். சளிக்காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து இருப்பதால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பொன்ஸ்தான், வோல்டரன் மாத்திரைகளின் கதை வேறு. வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டினை இவை தடுக்கின்றன. ஆனால் வயிற்றின் உட்சுவரைக் காப்பதும், முதுமையில் சிறுநீரகத்துக்குள் வரும் இரத்தக் குழாயை விரித்து வைப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். இரத்தக் கொதிப்புக்குத் தரும் பெரிண்டோப்ரில், சிறுநீரகத்திலிருந்து வெளியேறும் குழாயைத் தளர்த்தும். நீர் மாத்திரை இரத்தத்தின் அளவைக் குறைக்கும். மூன்றும் சேர்ந்தால் வடிகட்டத் தேவையான அழுத்தம் விழுந்துவிடும். வயிற்றுப்போக்கோ கடும் வெயிலோ வந்தால் சில நாள்களிலேயே சிறுநீரகம் பழுதாகலாம். எந்த வலியும் காட்டாமல் நடப்பதுதான் இதில் பயங்கரம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இரவுச் சந்தையில் வாங்கும் 'நரம்பு வலி' ஜாமு இரண்டே நாளில் அற்புதமாகக் கேட்டால் சந்தேகப்படுங்கள். பாரம்பரிய மருந்து என்ற பெயரில் விற்கப்பட்ட சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சின் சோதனைகள் பலமுறை காட்டியுள்ளன. சர்க்கரை ஏறும், முகம் உப்பும், எலும்பு தேயும். பெட்டியில் 'எம்.ஏ.எல்.' எனத் தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

இப்படிப்பட்ட ஜாமுவை மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்தவர்கள் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது. உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டு குறைந்திருப்பதால் மயக்கமும் உயிராபத்தும் நேரலாம். அந்தப் பெட்டியையும் வீட்டிலுள்ள மற்ற எல்லா மருந்துகளையும் அன்றே அரசாங்க கிளினிக்குக்கு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைப் படிப்படியாகக் குறைப்பது அவர் பொறுப்பு.