புது கேமிங் கம்ப்யூட்டரா, பழசுக்கே பார்ட்ஸா? முதலில் மதர்போர்டைப் பாருங்கள்!

“அப்பா, கேம் செம லேக் ஆகுது. புது சிஸ்டம் வாங்கித் தாங்க.”

“வாங்கி எட்டு வருஷம்தானேடா ஆச்சு? நல்லாத்தானே ஓடுது!”

கேமிங் கம்ப்யூட்டர் இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு என்றைக்காவது ஒருநாள் வந்தே தீரும். மகனுக்கு அது மானப் பிரச்னை. அப்பாவுக்கு இ.எம்.ஐ கணக்கு. இடையில் அம்மா, “ஏதாச்சும் ஒரு பார்ட்டை மட்டும் மாத்தினா ஆகாதா?” என்பார். கேட்க சாதாரணமாக இருந்தாலும், மூவரில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர்தான். ஒரு பார்ட்டை மட்டும் மாற்ற முடியுமா, அல்லது அது இன்னும் மூன்றை இழுத்துக்கொண்டு வருமா? மொத்தச் செலவும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. பதில் கேபினட்டுக்குள், மதர்போர்டில்.

ஒரு கற்பனைக் கணக்கு. 2018-ல் ஒரே தெருவில் இரண்டு வீடுகளில், கிட்டத்தட்ட ஒரே விலையில் ஆளுக்கொரு அசெம்பிள்டு சிஸ்டம் வாங்கினார்கள். முதல் வீட்டில் இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5-7400. இரண்டாவது வீட்டில் ஏ.எம்.டி ரைசன் 5 2600, பி450 மதர்போர்டோடு. இரண்டிலும் ஜி.டி.எக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு. இன்றைக்கு இரண்டும் திணறுகின்றன. ஆனால், இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றில்லை.

முதல் வீட்டு மதர்போர்டு, இன்டெலின் ஆறாம், ஏழாம் தலைமுறை பிராசஸர்களை மட்டுமே ஏற்கும். எட்டாம் தலைமுறைக்கும் சாக்கெட் பெயர் அதே 1151தான். அதை நம்பி வாங்கி வந்தால் பொருந்தும், ஓடாது. உச்சபட்சமாக ஐ7-7700 வகையறாவைப் போடலாம். அதிலும் கோர்கள் நான்குதான். பழைய ஐ7-களுக்கு மவுசு குறையாததால், செகண்ட் ஹேண்டிலும் அவ்வளவு மலிவாகக் கிடைப்பதில்லை. பணம் கொடுத்து மறுபடியும் 2017-க்கே போவதுபோல!

போதாக்குறைக்கு விண்டோஸ் தலைவலி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ன் அதிகாரபூர்வப் பட்டியலில் ஐ5-7400 கிடையாது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட்டுகள் வரும், அவ்வளவுதான். ‘குறுக்கு வழியில் 11 போட்டுத் தர்றேன்’ என்று யாராவது சொன்னால், ‘அதுல வலோரன்ட் ஓடுமா’ என்று திருப்பிக் கேளுங்கள். விண்டோஸ் 11-ல் அந்த கேம் திறக்க டி.பி.எம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் ஆன் ஆகியிருக்க வேண்டும்.

ஆக, முதல் வீட்டில் பிராசஸரை உருப்படியாக மாற்ற நினைத்தால் மதர்போர்டு போகும். டி.டி.ஆர்5 போர்டாக எடுத்தால் பழைய ரேமும் சேராது. ஸ்லாட்டின் வெட்டே வேறு. ஒரு பார்ட் என்று தொடங்கியது மூன்றாகிவிடும். இதற்குப் பெயர் அப்கிரேடு என்று சொல்லிக்கொண்டாலும், வீட்டுக்கு வருவது புது கம்ப்யூட்டர்தான். அப்படியே ஒப்புக்கொண்டு பட்ஜெட் போடுவது நல்லது.

இரண்டாவது வீட்டுக்காரர் அதிர்ஷ்டசாலி. பெரும்பாலான பி450 போர்டுகளில் பயாஸை மட்டும் அப்டேட் செய்தால், ரைசன் 5 5600 முதல் கேமிங்குக்குப் பேர்போன 5700எக்ஸ்3டி வரை போடலாம். ரேம் அப்படியே இருக்கும். விண்டோஸ் 11 பட்டியலில் ரைசன் 2600-ம் இருக்கிறது. போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில், உங்கள் மாடல் எண்ணுக்கு நேரே எந்த பிராசஸருக்கு எந்த பயாஸ் என்று பட்டியல் இருக்கும். வாங்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். பழைய பிராசஸர் போர்டில் இருக்கும்போதே அப்டேட்டை முடிக்க வேண்டும். கூடவே யு.பி.எஸ் கட்டாயம். பாதியில் கரன்ட் போனால் மதர்போர்டே போய்விடலாம். நம் ஊர் கரன்ட்டைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

லேக் எங்கிருந்து வருகிறது?

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே அரை மணி நேரச் சோதனை ஒன்று உண்டு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதைத் திறந்துவைத்து கேமை ஓடவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டு 95 சதவிகிதத்துக்கு மேலேயே நின்றால், திணறுவது அதுதான். அது பாதி வேலைகூடச் செய்யாமல் இருக்க, கேம் மட்டும் விட்டு விட்டு ஓடினால் பிராசஸர்மீது சந்தேகப்படலாம். கேமின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் வேகம் கூடவில்லை என்றால் சந்தேகம் உறுதி. இந்த நிலையில் எவ்வளவு விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு போட்டாலும் பணம் வீண்.

மெமரி நிரம்பி வழிந்தால் பிரச்னை ரேமில். பல வீடுகளில் 8 ஜி.பி ரேம் ஒற்றைக் குச்சியாக ஒரே ஸ்லாட்டில் இருக்கும். அதே வகையில் இன்னொன்றைப் பக்கத்தில் போட்டால் அளவோடு வேகமும் கூடும். கேம் இன்னும் பழைய ஹார்டு டிஸ்க்கிலேயே இருந்தால், எஸ்.எஸ்.டி-க்கு மாற்றுவதுதான் முதல் வேலை. இதை எந்தப் புது கம்ப்யூட்டருக்கும் பிறகு கழற்றிக்கொண்டு போகலாம் என்பதால் நஷ்டமே இல்லை.

சிலருக்கு இந்தச் செலவுகூட வேண்டியிருக்காது. எட்டு வருட தூசி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், சித்திரை மாத அறை வெக்கை மூன்றும் சேர்ந்தால் பிராசஸர் சூட்டில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ப்ளோயரால் ஊதி, பேஸ்ட்டை மாற்றிய பிறகு ‘புது சிஸ்டம்’ கோரிக்கையே வாபஸ் ஆகக்கூடும்.

கிராபிக்ஸ் கார்டுதான் பிரச்னை என்றால், இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் அது பொது. 1050 டிஐ இருக்கும் பாஸ்கல் தலைமுறைக்கு, புது கேம்களுக்கான டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டது. ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ போன்ற கேம்கள் ரே டிரேசிங் வசதியில்லாத கார்டில் ஓடுவதில்லை. மாற்றும்போது எல்லோரும் மறப்பது எஸ்.எம்.பி.எஸ்-ஸை. 1050 டிஐ, மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே 75 வாட் எடுத்துக்கொண்டு சமர்த்தாக ஓடிய கார்டு. ஆர்.டி.எக்ஸ் 4060-க்கு 115 வாட்டும், தனியாக ஒரு பவர் கேபிளும் தேவை. கேபினட்டோடு இலவசமாக வந்த பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்-ஸை நம்பி அதை மாட்டக் கூடாது. ‘80 பிளஸ்’ சான்று உள்ள நல்ல பிராண்டுக்குச் செலவழிப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்ட் கார்டு தேடுபவர்கள் கவனிக்க. 2022 செப்டம்பரில் எதேரியம் மைனிங் முடிவுக்கு வந்தபோது, இரவு பகலாக உழைத்த கார்டுகள் உலகமெங்கும் சந்தைக்கு வந்தன. அவற்றில் பல இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. பில்லும் வாரன்ட்டியும் இல்லாமல் வாங்க வேண்டாம். கடையிலேயே 20 நிமிடம் கேம் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடை.

ரேம் கொடுத்த அதிர்ச்சி

‘காத்திருந்தால் விலை குறையும்’ என்ற பழைய நம்பிக்கை இப்போது செல்லுபடியாகவில்லை. ஏ.ஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போனதில், 2025 கடைசியில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான், ‘குரூசியல்’ என்ற பெயரில் வீட்டு உபயோகத்துக்கு விற்றுவந்த ரேம், எஸ்.எஸ்.டி வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. கையில் 16 ஜி.பி டி.டி.ஆர்4 ரேம் இருப்பவர்கள் அதைத் தக்கவைத்துக்கொள்ளும் வழியை முதலில் பார்ப்பது புத்திசாலித்தனம். முதல் வீட்டுக்காரருக்கும் இதில் ஒரு வழி உண்டு. இன்டெல் 12-ம் தலைமுறைக்கான மதர்போர்டுகளில் டி.டி.ஆர்4 ரகமும் இருக்கிறது. ரேம், எஸ்.எஸ்.டி, மானிட்டர், நல்ல எஸ்.எம்.பி.எஸ் எல்லாம் பழசிலிருந்தே வந்துவிடும். போர்டும் பிராசஸரும் மட்டும் வாங்கினால் போதும்.

எந்த கேமுக்காக இவ்வளவு அவசரம் என்று மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ‘ஜி.டி.ஏ 6’ என்று பதில் வந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். 2023 டிசம்பரில் முதல் டிரெய்லர் வந்தபோது பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டுக்கும்தான் அறிவித்தார்கள். கம்ப்யூட்டர் பற்றிப் பேச்சே இல்லை.

பழைய சிஸ்டத்தை எக்ஸ்சேஞ்சில் போடுவதாக இருந்தால், அதிலிருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். அதற்குக் கிடைக்கப்போவது சில நூறு ரூபாய். உள்ளே இருப்பதோ எட்டு வருடக் குடும்ப போட்டோக்கள், ஆதார் நகல், அப்பாவின் பேங்க் ஸ்டேட்மென்ட்.